மெஹ்னாஸ் டீச்சரின் மரக்கட்டைகள்

ராயபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மெஹ்னாஸ் தற்காலிக டீச்சராக இருந்தாள். தொண்ணூற்றெட்டில் அவளுக்கு இருபத்தாறு வயது. நிரந்தர இடம் ஒன்று காலியாகப் போகிறது, அது உனக்குத்தான் என்று தலைமையாசிரியர் ஸ்டானிஸ்லாஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சை நம்பி, வந்த மாப்பிள்ளைகளையும் அவள் தட்டிக்கழித்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்புக்குக் கனஅளவு நடத்தும்போதுதான் வினை ஆரம்பித்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கணும் என்று பிள்ளைகள் பாட்டு மாதிரி ஒப்பித்தார்கள். நாலு, மூணு, ரெண்டு என்று ஒரு பெட்டியைப் பலகையில் வரைந்தால், பாதிப் பேர் கூட்டி ஒன்பது என்றார்கள். ஏன் பெருக்குகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மெஹ்னாஸுக்கும் சின்ன வயதில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

அவளுடைய அப்பா அப்துல் வஹாப் தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருந்தார். துறைமுகத்தில் மெஷின்கள் வந்திறங்கும் பெரிய மரப்பெட்டிகளை வாங்கி உடைத்து, அந்தப் பலகையில் புதுப்பெட்டி அடித்து விற்பார். மெஹ்னாஸ் அவரிடம் கேட்டாள்.

"அத்தா, எல்லாப் பக்கமும் ஒரே அளவா, ஒரு இஞ்சுக்குக் கட்டைங்க வேணும். பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித்தர."

"இம்மாத்துண்டு கட்டைய மெஷின்ல வெச்சா அது கையத் தின்னுடும்மா. கை ரம்பத்துலதான் அறுக்கணும். மெள்ளத் தர்றேன்."

அப்படியே மெள்ள அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு துணிப்பை நிறையக் கொடுத்தார்.

வகுப்பில் மெஹ்னாஸ் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வரிசையில் நாலு கட்டை. அதே மாதிரி மூணு வரிசை. "அடித்தட்டுல எத்தனை?" பன்னிரண்டு என்றார்கள். அதன் மேல் இன்னொரு தட்டு அடுக்கினாள். இருபத்துநாலு என்று அவள் கேட்பதற்கு முன்பே குரல் வந்தது. அப்புறம் மும்மூன்றாக மூணு தட்டு அடுக்கிக் கேட்டபோது, பிள்ளைகள் சுற்றிச்சுற்றி வந்து எண்ணி இருபத்தைந்து என்றார்கள். கார்குழலி என்ற பெண் மட்டும் தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"நடுவுல ஒண்ணு, அதுக்கு அடியில ஒண்ணு, ரெண்டு ஒளிஞ்சிகினு கீது டீச்சர். அது கண்ணுக்குத் தெரியாது. இருபத்தேழு."

வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷம் மெஹ்னாஸுக்கு வந்ததில்லை.

வாசலில் நின்று பார்த்த ஸ்டானிஸ்லாஸ் அவளைக் கூப்பிட்டார். "மாவட்டக் கண்காட்சி வருதும்மா. இதையே பெருசா வைப்போம். நாலஞ்சு மூட்டை கட்டை வேணும், அடுத்த வாரத்துக்குள்ள. உன் போஸ்டிங்குக்கும் நல்லது."

கடைசி வார்த்தைதான் அவளை வீட்டுக்கு ஓடவைத்தது. அப்துல் வஹாப் முடியாதென்று தலையாட்டினார். "அம்மாம் கட்டை கையால ஆவாதும்மா."

"எனக்கோசரம் அத்தா."

மறுநாள் அவர் மெஷினில் அறுத்தார். ரெண்டு மூட்டை முடிந்து மூன்றாவது நிரம்பும்போது, வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ரத்தம் பட்ட கட்டைகளை அம்மா தாஹிரா தனியாகப் பொறுக்கி அடுப்பில் போட்டாள். மீதியை எடுத்துக்கொண்டு மெஹ்னாஸ், கண்காட்சி நாளன்று ஆஸ்பத்திரியில் அத்தாவைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போனாள்.

"அப்பா எப்படியிருக்கார்?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். பதில் வருவதற்குள், "எல்லாம் கொண்டாந்துட்டியா?" என்றார். மேசை மேலிருந்த அட்டையில் பள்ளியின் பெயரும் அவர் பெயரும் இருந்தன. முதல் பரிசை அவர்தான் மேடையேறி வாங்கினார்.

ஜூன் மாதம் அந்த நிரந்தர இடத்துக்குத் தாளாளரின் தங்கை மகள் வந்து சேர்ந்தாள்.

"நான் என்னம்மா பண்றது? மேனேஜ்மென்ட் முடிவு," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

"கட்டைங்களையாவது குடுங்க சார், நான் போயிடறேன்."

"அது ஸ்கூல் சொத்தாச்சே."

"எங்க அத்தாவோட வெரலு யார் சொத்து சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெஹ்னாஸ் வெளியே வந்தாள். ஐந்தாம் வகுப்பு வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

அப்துல் வஹாபால் அதற்குப் பிறகு இழைப்புளியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பட்டறையை விட்டுவிட்டு ஒரு குடோனில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும், சோறு விரலிடுக்கில் ஒழுகுவதை அவள் பார்க்கக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருக்கும்.

பிறகு திருவொற்றியூரில் ஒவைஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவருக்கு வார்னிஷ் கம்பெனியில் வேலை. மெஹ்னாஸ் எந்தப் பள்ளிக்கூடப் படியும் ஏறவில்லை. அத்தாவும் காலமாகிவிட்டார்.

இரண்டாயிரத்து ஆறில், பாரிமுனை போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் சிரித்தார். ஸ்டானிஸ்லாஸ். ரிட்டயர் ஆகி, ஒரு தனியார் பள்ளியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"நீ நல்லா நடத்துவியேம்மா. அப்பா சௌக்கியமா? எங்ககிட்ட ஒரு டீச்சர் லீவுல போறாங்க. வர்றியா? இப்போதைக்கு டெம்பரரிதான்."

அவருக்கு நடந்தது எதுவுமே நினைவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

"வேணாம் சார்," என்று சொல்லிவிட்டு, தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கினாள். நல்ல வெயில். வேண்டாமென்று சொன்னதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. அந்த வேலை அவளுக்கு இன்னும் வேண்டியிருந்தது. மிச்ச தூரத்தை நடந்தே போனாள்.