விரிப்புக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

மாமனாரின் தாடையில் சோப்பு நுரையைத் தடவி, தோலை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துச் சவரம் செய்துகொண்டிருந்தாள் மருமகள். வாதம் வந்த இடது கன்னம் தொங்கும். அங்கே அவசரப்பட்டால் ரத்தம்தான். அவள் புருஷன், பல்கலைக்கழகப் பேராசிரியர், அறை வாசலில் நின்றார். தகப்பன் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவருக்கு அந்த வாசற்படிதான் எல்லை.

"மத்தியானம் விசாரணைக்கு வர்றவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றார். "அப்பாவ தினமும் நான்தான் பாத்துக்கிட்டேன், அதுலதான் அந்த யோசனையே வந்துச்சுன்னு."

"தினமும்னா, எந்த தினம்?"

யோசனை என்றது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஒற்றை ஆளாகப் புரட்ட உதவும் வழுக்கு விரிப்பு. செய்தவர் அவர்தான், அதில் பொய்யில்லை. ஆனால் செய்தது ஆய்வகத்தில், பல்கலைக்கழகத் துணியில், சம்பள நேரத்தில். அப்படியானால் உரிமை பல்கலைக்கழகத்துக்கு. வீட்டில், சொந்தத் தேவைக்கு உருவானதென்றால் அவருக்கு. ஒரு கம்பெனி விலை பேச வந்ததும் வழக்கு முளைத்தது. பெற்ற தகப்பனும் திடீரென்று தேவைப்பட்டார். காரியம் ஆகவேண்டுமென்றால் கழுதையின் காலையும் பிடிப்பார்கள். இவர் பிடித்தது தகப்பன் காலை, அதுவும் வாயால்.

பல்கலைக்கழகம் மட்டும் யோக்கியமா? "இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பா?" என்று சிரித்த துறைத்தலைவர்தான், இப்போது அது தங்கள் பிள்ளை என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நான் பொய்யும் சொல்லமாட்டேன், காட்டியும் கொடுக்கமாட்டேன்," என்றாள். "வர்றவங்க முன்னால நீங்களே புரட்டிக் காட்டுங்க. கண்டுபிடிச்சவருக்குத் தெரியாதா?"

மத்தியானம் விசாரணை அதிகாரியும் பல்கலைக்கழக வக்கீலும் வந்தார்கள். அன்றுதான் அந்த விரிப்பு முதல் தடவையாக அந்தக் கட்டிலைப் பார்த்தது. பேராசிரியர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விரிப்பின் பிடியை இழுத்தார். வாதத்தில் செத்த கையை முதலில் நெஞ்சின்மேல் தூக்கி வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாது. கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"ஐயோ, தோளு!" என்று கிழவர் அலறினார். கண்ணில் புரை, ஆள் தெரியவில்லை. "யாருடா இது, புது ஆளா? தொடவே தெரியல! அம்மாடி, இவன அனுப்பிட்டு நீ வாம்மா!"

வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். "சார், உங்க அப்பாவுக்கே உங்களத் தெரியலையே!"

மருமகள் போய்க் கையை எடுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் பேராசிரியர் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அதான் உங்கப்பா சொல்லிட்டாரே."

இரவு மாமனாரை அந்த விரிப்பில்தான் புரட்டினாள். அருமையாக வழுக்கியது. மனிதர்கள் எப்படியோ, துணி நல்ல துணி.

மறுநாள் விடிந்ததும் பல்கலைக்கழக ஸ்டோர் ஆள் வந்து நின்றான். "எங்க சொத்த வாங்கிட்டு வரச் சொன்னாங்கம்மா."

மாமனாருக்கு அடியிலிருந்து அதை உருவி, அப்படியே வாளியில் போட்டு நீட்டினாள். இரவு முழுக்க அவர் அதில்தான் மூத்திரம் போயிருந்தார்.

"துவைச்சுத் தரக் கூடாதாம்மா?"

"அடுத்தவங்க சொத்துல கை வைக்கலாமா தம்பி? அப்புறம் எம்மேல கேஸ் போடுவாங்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டினான். அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பழைய போர்வையை நாலாக மடித்துக் கட்டிலில் விரித்தாள்.