மாக்கஸுக்குச் சொன்ன வாழ்த்து

அருள்மலரை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். இப்படியும் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருப்பாளா?

மன்னாரில் சண்டைக்குள்ளே பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இங்கே கனடாவில், மல்வேர்னில், எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் இருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் மாக்கஸ், கல்யாணம் கட்டி அஜக்ஸில் வீடு வாங்கிப் போனவன், நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் முகம் காட்டுவான். கோயிலுக்குப் போனாலும் கடைசி வாங்கில் இருந்துவிட்டு வந்துவிடுவாள். பாண் தொழிற்சாலை வேலை முடிந்தால் ரேடியோதான் துணை. மாதம் ஒருமுறை என் வீட்டில் நான் பிடிக்கும் சீட்டுக்கு வரும்போதுதான் நாலு பேரோடு பேசுவாள்.

இவள் இரண்டு வருடமாகப் பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். ஒருவருக்கும் தெரியாது. ஹைஸ்கூல் முடிக்கும்போதே வியாழக்கிழமைகளில் கொலிஜுக்கும் போய் இரண்டு பாடம் படித்திருக்கிறாள். டுவல் கிரெடிட் என்பார்கள். ஒரே பாடத்தைப் பள்ளிக்கூடமும் கணக்கில் எடுக்கும், கொலிஜும் எடுக்கும், செலவும் இல்லை. அதைக் காட்டி, சின்னப்பிள்ளைகளைப் பராமரிக்கும் படிப்புக்கு விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அரசாங்கத்தின் கடனுதவி செப்டெம்பரில்தான் வரும். இடத்தைப் பிடித்துவைக்க ஜூன் மாதத்திலேயே முன்பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த ஜூன் மாதச் சீட்டைத்தான் அவள் கேட்டாள். தனக்கு வரும் காசில் யார் கூடுதலாகக் கழித்து விட்டுக்கொடுக்கிறாரோ, அவருக்கே அந்த மாதச் சீட்டு. எங்கள் சீட்டில் இருக்கும் பொன்னம்பலம் அண்ணையும் விடுவதாக இல்லை. பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடிக்க வேண்டுமாம். அவர் கழிவை ஏற்ற ஏற்ற இவள் முகம் வெளிறிக்கொண்டே போனது.

"உமக்கென்ன பிள்ளை அப்பிடி அவசரம்?" என்றார் அவர்.

"படிப்புக்கு அண்ணை. கொலிஜுக்குக் கட்டவேணும்."

"ஆர், மாக்கஸோ? திரும்பிப் படிக்கப் போறானோ?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம்" என்றாள்.

அவ்வளவுதான். பிள்ளையின் படிப்பு என்றால் எங்கள் சீட்டில் எவரும் எதிர்த்துக் கேட்பதில்லை. கழிவு இல்லாமல் முழுக் காசையும் கொடுத்துவிடுவோம். பொன்னம்பலம் அண்ணையே "எடும் பிள்ளை, எடும்" என்றார். எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் கேசரி கிண்டிக் கொடுத்தேன். படிக்கப் போவது நான்தான் என்று அவள் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? என்னைக் கேட்டால், மாட்டார்கள். இந்த வயதில் என்ன கூத்து என்றிருப்பார்கள்.

அடுத்த மாதம் சீட்டுக்காசு கட்ட அவள் நேரத்தோடு வந்து என் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. கை ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டாள். மாக்கஸ்.

"அம்மா, பொன்னம்பலம் அங்கிளைக் கடையிலை கண்டனான். நான் கொலிஜ் போறனாம், கொங்கிராட்ஸ் எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கிறார். அரை மணித்தியாலமா விடேல்லை. என்ன கதை இது?"

அவள் என்னைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ இல்லை மாக்கஸ். நான்தான் போறன்."

"நீங்களா? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஃபோன் எடுக்கேக்க சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"ஓகே... கொங்கிராட்ஸ், அம்மா. வேலையிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்." வைத்துவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன்மேலா இவள்மேலா என்றே தெரியவில்லை. "எனக்காவது சொல்லியிருக்கலாமே? முன்னுக்குத்தானே இருக்கிறன்" என்று கத்தினேன்.

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "கழிவுக் காசைக் கட்டிவிடுறன் அக்கா. பொய் சொல்லி எடுத்ததுதானே."

"கழிவும் மண்ணாங்கட்டியும். பேசாமல் இரும்."

வெங்காயத்தை உரித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அண்டைக்கு நீங்கள் எல்லாரும் மாக்கஸுக்கு வாழ்த்துச் சொன்னியள். வீட்டை போய்த் தனிய இருந்து, அதெல்லாம் எனக்குச் சொன்னது எண்டு நினைச்சுப் பாத்தனான் அக்கா. நல்லாய்த்தான் இருந்தது."