ஃப்ரிட்ஜ் மேல் ஓர் ஊர்

என் மகள் இப்போதுதான் அட்டைப்பெட்டிகளை இழுத்து அடுக்கப் பழகியிருக்கிறாள். நான் அடுக்கிக் காட்டலாமா, அவளாகவே கற்றுக்கொள்ள விடலாமா என்று இதற்கும் குழம்புகிறேன். அப்போதெல்லாம் அம்மா கட்டிய ஊர்தான் நினைவுக்கு வருகிறது.

ஆக்லாந்தில் வெஸ்ட்கேட் பக்கம் புல்வெளிகள் கடைகளாக மாறிக்கொண்டிருந்த காலம். என் ஸ்கூலுக்காகவே அதே நகரின் எப்சமில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். வகுப்பில் ஆளுக்கு ஓர் ஊரைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, அது வளர்ந்த விதத்தை மாதிரியாகச் செய்துவரச் சொன்னார்கள். எனக்கு வந்தது ஹங்கேரியில் ஒரு சின்னச் சந்தை ஊர். பெற்றோர் கைவைத்தால் மார்க் கிடையாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மா திருச்சியில் நகரமைப்பு அலுவலகத்தில் இருந்தவர். அப்பாவின் ஐ.டி. வேலைக்காக ஆக்லாந்து வந்தபின், விண்ணப்பித்து விண்ணப்பித்து அலுத்து வீட்டோடு இருந்தார். “சும்மா பாக்குறேன்” என்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் தேவாலயத்தை நடுவில் வைத்து, சுற்றிலும் நான்கு நேர்வீதிகள் போட்டுவிட்டார்.

அப்பா எட்டிப் பார்த்தார். “ஏம்மா, ஹங்கேரியில தேர் இழுக்கப் போறாங்களா?”

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நூலகப் புத்தகத்தை மறுபடி புரட்டி, வீதிகளை அழித்தார். “தேர் இல்லங்க, மாடு! மந்தை மந்தையா சந்தைக்கு ஓட்டிட்டு வர்றாங்க. அதான் ரோடு நடுவுல மட்டும் தொப்பை போட்டிருக்கு.”

அந்தத் தொப்பையில் சந்தை வந்தது. சுற்றிலும் வீடுகள், ஊர் விளிம்பில் தொழுவங்கள். பிற்காலத்தில் ரயில் வந்ததும் ஊரே ஸ்டேஷனைப் பார்த்து நீண்டதாம். தீப்பெட்டி வீடுகளை அந்தப் பக்கமாக ஒட்டினார். நான் பசை எடுத்துக் கொடுத்தேன்.

“அம்மா, ஸ்டாப். நீ செஞ்சா எனக்கு மார்க் போயிடும்.”

“இந்த ஒரு தெரு மட்டும்டா கண்ணு.”

பெற்றோரும் வந்திருந்த நாளில், ரோடு ஏன் நடுவில் அகலம் என்று ஆசிரியை கேட்டார். மாடுகளுக்காக என்றேன். வகுப்பே சிரித்தது. ரயில் வந்த கதைவரை தடுமாறாமல் சொல்லிமுடித்தேன். ஆசிரியை மகிழ்ந்துபோய் அம்மாவிடம் திரும்பி, நீங்கள் இந்தத் துறையில் இருந்தவரா என்று கேட்டார்.

அம்மா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு, தான் வெறும் அம்மாதான் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

மார்க் தப்பியது. வரும் வழியில் டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் ஐஸ்கிரீம்கூடக் கிடைத்தது. வேலையை விட்டு மகளோடு வீட்டில் இருக்கும் இந்த நாட்களில், யாராவது நான் என்ன செய்கிறேன் என்று கேட்கும்போது, அம்மாவின் அந்தச் சிரிப்பை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பதிலைச் சிரித்துக்கொண்டே சொல்வது எவ்வளவு கடினம் என்று இப்போது தெரிகிறது.

ஊர் ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது. ஸ்கூல் விட்டு வந்தால் சில நாள் அதில் புதிதாக ஒரு வீடு முளைத்திருக்கும். ஒரு நாள் பஸ் நிறுத்தம். இன்னொரு நாள் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பூங்கா. பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மார்க் போட்டு முடிந்த ஊருக்கு அம்மா ஏன் இன்னும் தெரு போடுகிறார் என்பது மட்டும் விளங்கவே இல்லை.