முப்பது டயா பனியன் போட்ட குதிரை

கால்நடை ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் அந்த வெள்ளைக் குதிரை நின்றுவிட்டது. மூக்குத் துளைகள் விரிந்திருந்தன. விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. கழுத்தும் மார்பும் தலையணை போல ஊதியிருந்தன.

கயிற்றைப் பிடித்திருந்தவர் இப்ராஹிம் பாய். காதர்பேட்டையிலிருந்து ரயில்வே பார்சல் ஆபீசுக்குப் பனியன் பண்டல் ஏற்றும் குதிரை வண்டிக்காரர். குதிரையின் பெயர் மைனா.

“அம்மிணி, டாக்டரு வந்துட்டாருங்களா?”

“நாந்தானுங்க டாக்டர்.”

பாய் என்னையும் கம்பவுண்டர் ரங்கசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். “சரிங்க, வேற யாரு இருக்கறா. நீங்களே பாருங்க” என்றார்.

எண்பதுகளின் கடைசி அது. கால்நடை மருத்துவம் முடித்து, வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெயர்ப்பலகையில் என் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தைத் தினமும் காலையில் நானே ஈரத்துணியால் துடைப்பேன். ஆனால் அதுவரை நான் பார்த்ததெல்லாம் மாடும் ஆடும்தான். தனியாகப் பார்த்த முதல் குதிரை மைனா.

ஒன்று: தட்டிக் கேட்டது

“பாம்புதானுங்க மேடம். வேற எது கடிச்சு இப்படி ஊதும்?” என்றார் ரங்கசாமி.

பாயிடம் கேட்டேன். நான்கு நாள் முன்பு லோடு ஏற்றும்போது, லாரியில் தார்ப்பாய் கட்டும் கொக்கி மைனாவின் இடது முன்னங்காலுக்கு உள்பக்கம், அக்குளில் குத்தியிருக்கிறது. சின்னக் காயம்தான் என்று மஞ்சள் வைத்திருக்கிறார். மறுநாள் மார்பு வீங்கியது.

“அதனால காலைலயும் சாயங்காலமும் நடத்திக் கூட்டிட்டுப் போனேனுங்க. நடந்தா வீக்கம் வடியுமுங்கல்ல?”

வீக்கத்தை விரலால் அழுத்தினேன். புதுப் பனியன் போட்டு வரும் பாலிதீன் கவரை அழுத்தினால் எப்படி நொறுநொறுக்குமோ, அப்படித் தோலுக்கடியில் நொறுநொறுத்தது. விஷமும் இல்லை, சீழும் இல்லை. காற்று. அக்குள் காயம் கொல்லன் துருத்தி மாதிரி. கால் எடுத்து வைக்கும்போது திறந்து காற்றை இழுக்கும். அடுத்த அடியில் மூடி, அதை உள்ளே தள்ளும். பாய் அக்கறையாக நடத்திய ஒவ்வொரு நடையும் காற்றடித்திருக்கிறது.

தோலுக்கடியில் மட்டும் காற்று இருந்தால் இப்படி மூச்சு வாங்காது. அது கழுத்து வழியாக நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். ஈறு நீலம் பாரித்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை விலாவின் அடியில் வைத்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. மேலே நகர்த்த நகர்த்தக் குறைந்தது. முதுகுக்குக் கீழே ஒரு முழத்துக்குச் சத்தமே இல்லை. மறுபக்கமும் அப்படியே. பிறகு இடது கை விரலை விலாவில் பதித்து, வலது கை விரலால் தட்டினேன். மேல்பக்கம் காலி டின் போல ஒலித்தது.

“தேங்கா வாங்கற மாதிரி தட்டறீங்க” என்றார் ரங்கசாமி.

நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே காற்று இல்லாததால்தான் நுரையீரல் விரிந்து ஒட்டி நிற்கிறது. அங்கே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். நிற்கும் குதிரைக்குக் காற்று மேலே போய்ச் சேரும். அதனால் மேலேதான் சத்தம் போகும். பாடம் அப்படியே நினைவில் இருந்தது. ஆனால் குதிரையின் நெஞ்சைப் படமெடுக்கும் எக்ஸ்ரே எங்கள் ஊரில் இல்லை. வெளியூருக்கு லாரியில் ஏற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும். நெஞ்சுக்குள் ஊசி குத்திப் பார்ப்பது ஒன்றுதான் வழி. நான் நினைத்தது தப்பாக இருந்தால், நல்ல நுரையீரலை நானே குத்திக் கெடுத்ததாகிவிடும். பாயிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

“குத்தாம உட்டா?”

“சாயங்காலம் தாங்காதுங்க பாய்.”

“அப்ப குத்துங்க.”

மேல் விலாவில் முடியை மழித்து, மருந்து தடவி, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே, பின்னால் இருக்கும் எலும்பின் முன் ஓரமாக ஊசியை இறக்கினேன். ஒவ்வொரு எலும்பின் பின் ஓரத்திலும் ரத்தக்குழாய் ஓடும். அங்கே குத்தக் கூடாது. சிரிஞ்சில் கொஞ்சம் சலைன் வைத்திருந்தேன். பிஸ்டனை இழுத்ததும் அதில் குமிழ் குமிழாகக் கொப்பளித்தது.

“சோடா மாதிரி வருதுங்க” என்று பாய் குனிந்து பார்த்தார். நான் நினைத்தது சரி, உள்ளே இருந்தது காற்றுதான்.

இரண்டு: ஆர்டர்

உள்ளே இருக்கும் காற்றை எடுப்பதற்கு முன் காயத்தை அடைக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். காயத்தில் காஸ் துணியைத் திணித்தேன். பிளாஸ்டர் வியர்வையில் ஒட்டவில்லை. கட்டு அக்குளில் நிற்கவில்லை. சுற்றச் சுற்ற அவிழ்ந்தது.

பள்ளி லீவு நாட்களில் நான் பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுத்தவள். பெரிய மிஷினில் ரிப் துணி குழாய் போல, தையலே இல்லாமல் இறங்கும். மிஷினின் விட்டம் எத்தனை அங்குலமோ, அதுதான் துணியின் டயா. இழுத்தால் இரட்டிப்பாக விரியும். விட்டால் கவ்விப் பிடிக்கும். “பாய், நீங்க லோடு எடுக்கற கம்பெனியில முப்பது டயா ரிப் ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வாங்க” என்றேன்.

ஓடிப்போய் வாங்கி வந்தவர் மூச்சிரைக்கச் சிரித்தார். “நிட்டிங் மாஸ்டரு கேக்கறாருங்க, இது எந்த நாட்டு ஆர்டரு, யானை கீனை போடுதான்னு.”

முன்னங்கால்களுக்கு இரண்டு துளை வெட்டி, தலை வழியாக மாட்டினோம். அக்குளில் துணி கச்சிதமாக அமுங்கி நின்றது. கேட்டில் கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. “நெக்கு கொஞ்சம் லூசுங்க மேடம், குறைப் பீஸோட செகண்ட்ஸ்ல போட்டிருங்க” என்றார் ரங்கசாமி.

பிறகு பெரிய சிரிஞ்சால் காற்றை இழுத்து இழுத்து வெளியே தள்ளினேன். கை வலித்தபோது ரங்கசாமி வாங்கிக்கொண்டார். அரை மணி நேரத்தில் மூக்கு அடங்கியது. மைனா தலையைத் திருப்பிச் சோளத்தட்டை இழுத்தது. பெனிசிலினும் டெட்டனஸ் ஊசியும் போட்டு, ஷெட்டில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, அசையாமல் நிற்க வைத்தோம்.

மூன்று: பாய் கேட்டது

மூன்றாம் நாள் காலை நான் வந்தபோது ஷெட் காலி. பாய் மைனாவை மைதானத்தில் நடத்திக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தானுங்க இருக்குது. சும்மா நின்னா காலு புடிச்சுக்கும், அதான் நாலு சுத்து.”

மைனாவுக்கு மறுபடியும் மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் வந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி அவர் காதில் மாட்டி, அடி விலாவில் வைத்தேன்.

“புஸ்ஸு புஸ்ஸுங்குது” என்று சிரித்தார். மேலே வைத்தேன். சிரிப்பு போனது. “ஒண்ணுமே கேக்கலீங்க. குழாயி அடைச்சிருச்சுங்களா?”

“குழாய் நல்லாத்தானுங்க இருக்குது. அங்கதான் காத்து நிக்குது. நீங்க நடத்துன நடையில போன காத்து.”

பாய் மைனாவை மெல்ல ஷெட்டுக்குக் கொண்டுவந்து கயிற்றை அவரே கட்டினார். துணியை மாற்றி இறுக்கமாக அடைத்து, மறுபடியும் காற்றை எடுத்தோம். சத்தம் எதுவரை கேட்கிறதோ அங்கே மைனாவின் வெள்ளை விலாவில், பனியன் கம்பெனி கட்டிங் டேபிளில் துணியைக் குறிக்கும் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.

அதன் பிறகு ஷெட்டுக்குப் பாய்தான் காவல். தினமும் காலையில் முதலில் அவர் கேட்பார், பிறகுதான் நான். “ரெண்டு விரக்கடை மேல ஏறிருச்சுங்க டாக்டரம்மா” என்று புதுக் கோட்டைக் காட்டுவார். நானும் கேட்டுப் பார்ப்பேன், சரியாகவே இருக்கும். நடத்திப் பாருங்கள் என்று யோசனை சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கோடுகளைக் காட்டி வகுப்பெடுத்தார்.

புதிதாக வேலைக்கு வரும் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். அக்குளில் காயம்பட்ட குதிரையை, காயம் எவ்வளவு சிறிதானாலும் நடக்க விடாதீர்கள். நெஞ்சை அடியிலிருந்து முதுகு வரை கேளுங்கள். கேட்டதை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் குதிரைக்காரரையும் கேட்க வையுங்கள். முதல் நாளே நான் அதைச் செய்திருந்தால் மைனாவுக்கு இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டியிருந்திருக்காது.

காயம் ஆறி வந்த பிறகு ஒரு காலை, பாய் ஸ்டெதாஸ்கோப்போடு ஷெட்டில் குழம்பி நின்றார். கையில் சாக்பீஸ் இருந்தது. என்ன என்று கேட்டேன்.

“முதுகெலும்பு வந்துருச்சுங்க டாக்டரம்மா” என்றார். “இதுக்கு மேல கோடு போட எடமில்லீங்க.”