கொழும்புத்துறைக்கு வந்த துவக்கு

என் மனுசனுக்குத் தொண்டையில் வந்திருப்பது புற்றுநோய்தான் என்று டொக்டர் சொன்ன அன்று, வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப துவக்கை என்ன செய்யிறது?" என்பதுதான். நான் செபமாலையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன். "அழுறதை விட்டிட்டு விசயத்தைக் கதை" என்றார்.

விசுவமடுவில் காட்டோரமாக எங்களுக்கு இரண்டு ஏக்கர் காணி. கச்சான் போடுவோம், நிலக்கடலைதான். பிள்ளைகள் இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் கொடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று அவர் பெயரில் இருந்தது. அது இல்லாவிட்டால் காணியும் இல்லை. பன்றிக் கூட்டம் கிண்டிவிட்டுப் போன கச்சான் தோட்டத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் துவக்கை வைத்திருந்த மாதிரி அவர் என்னை வைத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் என் தையல் மெசின் எண்ணெயை எடுத்து அதைத் துடைப்பார். எண்ணெய் முடியப்போகிறது என்று சொன்னால், "உன்ரை மெசினாலை ஒரு பண்டியைச் சுட்டுக் காட்டு பாப்பம், பேந்து எண்ணெயைப் பற்றிக் கதை" என்பார்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் ஆறு கிழமை கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார்கள். கதிர்ச் சிகிச்சையை எங்கள் சனம் அப்படித்தான் சொல்லும். தங்குவதற்குக் கொழும்புத்துறையில் அவருடைய தம்பி வீடு இருந்தது. ஆனால் விசுவமடு வீடு ஆறு கிழமையும் பூட்டிக் கிடக்கும். ஆளில்லாத வீட்டில் துவக்கை வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். இவர் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போய்க் கேட்டார், நானும் கூடப் போனேன். அங்கிருந்த கிளார்க் பொறுமையாகச் சொன்னார்: ஒன்று, பொலிசில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்து எடுக்கலாம். அல்லது, தங்கப்போகிற வீட்டு விலாசத்தையும் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தையும் கொடுத்தால், மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக அனுமதி எடுக்கலாம்.

"பொலிசில குடுத்தால் திரும்ப எடுக்க நான் உயிரோட வரவேணும். இவள் போய்க் கேட்டால் குடுப்பியளோ?"

"குடுக்க ஏலாது ஐயா. லைசென்ஸ் உங்கடை பேரில."

"அப்ப என்னோட வரட்டும்."

கிளார்க் என்னையும் பார்த்துத்தான் கடைசியாகச் சொன்னார். "தூக்கிறது ஐயா மட்டும்தான். அம்மா கை வைக்கப்படாது, விளங்குதோ?" எனக்கு விளங்கியது.

எவ்வளவு விளங்கியது என்பதை பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். குழலைக் கழற்றி, பிடியோடு சேர்த்துப் பழைய பாயில் சுற்றி, தோட்டாக்களை வேறு பையில் போட்டு, இரண்டையும் அவரே தூக்கினார். அப்போது அவருக்குக் கஞ்சிதான் இறங்கும். மிதிபலகையில் கால் வைக்கும்போது முழங்கால் மடிந்து, பாயை அணைத்தபடியே விழுந்தார். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"என்ன பொம்பிளையப்பா நீங்கள்? அந்தாளின்ரை பாயை ஒருக்காப் பிடியுங்கோவன்" என்றான் கொண்டக்டர்.

"அவள் பிடிக்கமாட்டாள்" என்றார் இவர், எழும்பிக்கொண்டு. பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஆனையிறவில் மறித்துப் பார்த்தார்கள். கடிதத்தைக் காட்டினார், விட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தை மடிக்கும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை எங்கள் கலியாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

தம்பி கடற்தொழில் செய்கிறவர். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்தான், ஆனாலும் பாயைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"கடலை விட்டிட்டுக் காட்டுக்குப் போனவர், காட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறார். இஞ்ச என்ன அண்ணை, கணவாய்க்கோ சுடப்போறியள்?"

"பூட்டி வைக்க ஒரு பெட்டி தா. மிச்சம் உனக்குத் தேவையில்லை."

வலை வைக்கிற அறையில் ஒரு றங்குப்பெட்டி கிடந்தது. அதற்குள் வைத்துப் பூட்டினார். திறப்பைக் கழுத்துக் கயிற்றில், மாதா படம் தைத்த சின்ன உத்தரியத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பகல் முழுக்க ஒரு கை அதில்தான் இருக்கும். செபிக்கிறார் என்று தம்பி பெண்சாதி நினைத்துச் சந்தோசப்பட்டாள்.

நாலாம் கிழமையில் அவருடைய குரல் போய்விட்டது. கழுத்துத் தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கறுத்து உரிந்தது. காற்று மட்டும்தான் வாயால் வரும். அவர் வாயில் காதை வைத்துக் கேட்டால் எனக்கு விளங்கும், வேறு ஒருவருக்கும் விளங்காது. அந்தக் காற்றாலும் என்னைப் பேசினார். கஞ்சி சூடு என்றார், ஆறிவிட்டது என்றார், மலட்டுச் சனியன் என்றார். யாராவது பக்கத்தில் இருந்து, "என்ன சொல்லுறார்?" என்று கேட்பார்கள். கஞ்சி சூடாம் என்பேன்.

அந்தக் கிழமைதான் தம்பியின் மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாள், வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சாமியார் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தம்பி வலை அறைக்குள் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணி, ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் உது வெளியில போகவேணும். இல்லையெண்டால் நீங்கள் ரெண்டுபேரும் போகவேணும்."

"இன்னும் பத்து நாள் கரண்ட் இருக்குத் தம்பி. இந்த நிலைமையில ஆளை எங்க கொண்டுபோறது?"

"எங்கடை அப்பாவைத் துவக்கோட வந்த ஆக்கள்தான் கூட்டிக்கொண்டு போனவை. அண்டைக்கு அண்ணையும் பக்கத்தில நிண்டவர். அவர் மறந்திட்டார், நான் மறக்கேல்லை. ஒவ்வொரு இரவும் உந்தப் பெட்டிக்குப் பக்கத்திலதான் என்ரை பிள்ளை படுக்கிறாள்."

நான் போய் இவரிடம் சொன்னேன். பொலிசில் கொடுப்போம், ஓட்டோ பிடித்து நீங்களே வந்து கொடுங்கள், பத்து நாள்தானே என்று கெஞ்சினேன். அவர் திறப்பைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். குனிந்து காதை வைத்தேன். "நான் செத்தாப் பிறகு குடு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் வலி மருந்து குடித்துவிட்டு நித்திரையானார். முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி வாசலில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு எங்கள் உடுப்புப் பையைப் பார்த்தார். நான் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, கயிற்று முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்தேன். உத்தரியத்தைத் திரும்பவும் நெஞ்சில் வைத்தேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அன்றைக்கு எனக்கு வந்த யோசனையை இப்போது நினைத்தால் என்னையே அடிக்கத் தோன்றுகிறது. பாவத்தைச் சுமந்துகொண்டுதானே பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறோம், போகிற வழியில் அதற்காக ஒருவரும் நம்மைப் பிடிப்பதில்லையே என்று நினைத்தேன். நான் தொடக் கூடாதுதான். ஆனால் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகத் தொட்டால் பிழையில்லை, கடிதம் எல்லாம் இருக்கிறது, பொலிசுக்குத்தானே போகிறேன்.

ஓட்டோக்காரன் பாயைப் பார்த்து, "என்னம்மா, உலக்கையோ?" என்று கேட்டான்.

"இல்லைத் தம்பி, துவக்கு."

"ஐயோ அம்மா, அப்ப வாடகை கேக்கமாட்டன்" என்று சிரித்தான். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தான்.

பொலிஸ் நிலையத்தில் தமிழ்ச் சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். பாயை மேசையில் வைத்து, கடிதங்களைப் பக்கத்தில் அடுக்கினேன்.

"ஐயா, இதைப் பத்து நாளைக்கு வைச்சிருங்கோ. எல்லாம் சட்டப்படிதான் இருக்கு."

அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். "இதில ஆம்பிளைப் பேர் இருக்கு. ஆள் எங்கை?"

"வருத்தம் ஐயா. படுத்திருக்கிறார்."

"அப்ப இதை ஆர் கொண்டு வந்தது?"

"நான்தான்."

"கொழும்புத்துறையிலயிருந்து? றோட்டாலையோ?"

"ஓம் ஐயா. ஒருத்தருக்கும் தெரியாமல் மூடித்தான் கொண்டு வந்தனான்."

பின்னால் இருந்த இரண்டுபேர் வாய்விட்டுச் சிரித்தார்கள். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. தலையில் கை வைத்தார். "அம்மா, ஒரு கோல் அடிச்சிருந்தால் நாங்களே வந்து எடுத்திருப்பமே" என்றார். பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். அவர் தந்து நான் கொண்டுவந்திருந்தால் அவர்மேல் பிழை, லைசென்ஸ் போய்விடும். அவருக்குத் தெரியாமல் நான் எடுத்திருந்தால் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது, வழக்கு என்மேல். "எது நடந்தது?"

எடுத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். ஆனால் முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனுசன் எனக்காக ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா, 'நான்தான் அனுப்பினனான்' என்று சொல்லமாட்டாரா என்று ஓர் ஆசை வந்துவிட்டது. லைசென்ஸை அவர் எனக்காக விடவேண்டும் என்றுகூட இல்லை. சொல்ல வாயெடுத்தாலே போதும், உடனே நான் இடைமறித்து, 'இல்லை ஐயா, நானாத்தான் எடுத்தனான்' என்று உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். "அவரைக் கேட்டு எழுதுங்கோ ஐயா" என்றேன்.

பின்னேரம் ஜீப் வந்தது. பந்தலுக்குள் பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். முதல் நன்மைக்காரி வெள்ளைச் சட்டையைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தவள், தாயின் பின்னால் ஒளிந்தாள்.

"துவக்கை வெளியில அனுப்பத்தானே சொன்னனான் அண்ணி" என்று தம்பி பல்லைக் கடித்தார். "ஜீப்பைக் கூப்பிடச் சொன்னனானோ?"

இவரை எழுப்பித் தலையணையில் சாய்த்து வைத்தார்கள். கை முதலில் கழுத்துக்குத்தான் போனது. திறப்பு இல்லை. சார்ஜன்ட் என்னிடம் சொன்னதை அவருக்கும் ஒன்று விடாமல் சொன்னார். இவர் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வாய் அசைந்தது. சார்ஜன்ட் குனிந்தார், கேட்கவில்லை. தம்பி குனிந்தார், விளங்கவில்லை.

"அம்மா, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார் சார்ஜன்ட்.

நான் காதை வைத்தேன். அவருடைய வாயில் மருந்து மணம்.

"என்ன சொல்லுறார்?"

"தான் குடுக்கேல்லையாம்" என்றேன். "நான் களவெடுத்ததாம்."

சார்ஜன்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "களவு எண்டே சொன்னவர்?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான் சொன்னவர்."

ஞாயிற்றுக்கிழமை முதல் நன்மை நடந்தது. திங்கட்கிழமை நாங்கள் வெளியேறினோம். சாவகச்சேரியில் ஓர் அறை எடுத்து, அங்கிருந்து மிச்சப் பத்து நாளும் கரண்டுக்குப் போய் வந்தோம். நான் கோட்டில் நீதவானுக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இதற்கு முன் கோடு பார்த்ததில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் கசிப்புச் சாராயம் விற்றவள். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். துவக்கு பொலிசில் இருந்தது, லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. கரண்ட் பிடித்தும் கட்டி கரையவில்லை. தினமும் காலையில் ஒரே கேள்விதான் கேட்பார், "எப்ப போய் எடுக்கிறது?"

கச்சேரிக் கிளார்க்கிடம் நான் தனியே போய், இவருக்குப் பிறகு துவக்கை என் பெயருக்கு மாற்ற முடியுமா, காணிக்கு வேணுமே என்று கேட்டேன். "பெண்சாதி எண்டால் விண்ணப்பிக்கலாம் அம்மா" என்று தொடங்கியவர், பிறகு இவருடைய பைலில் பொலிஸ் கடிதத்தைக் கண்டு நிறுத்தினார். "ஆனா உங்கடை பேரில துவக்கு வழக்கு ஒண்டு இருக்கே. குடுக்கமாட்டாங்கள்."

அன்றைக்கே வந்து இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர் இன்னும் சில நாட்கள்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தலையைத் தடவிக்கொண்டே, "நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லாலை, உங்களுக்குப் பிறகு துவக்கும் இல்லை, காணியும் இல்லை" என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் கண்ணால் தண்ணீர் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

நோயில் பூசுதல் கொடுக்கச் சாமியார் வந்த அன்று எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரப் பெண்ணும் இருந்தாள். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி முடிந்ததும் இவருடைய வாய் அசையத் தொடங்கியது. ஒரு கையால் சாமியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டார், மற்றக் கையால் என்னைக் காட்டினார். சாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "எனக்கு விளங்கேல்லை அம்மா" என்றார்.

நான் போய்க் காதை வைத்தேன்.

"நான்தான் குடுத்தனான் எண்டு சொல்லு" என்றார். "சுவாமியிட்டைச் சொல்லு. அவள் களவெடுக்கேல்லை எண்டு."

"என்ன சொல்லுறார்?"

நான் நிமிர்ந்தேன்.

"தண்ணி கேக்கிறார், சுவாமி."

சாமியார் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவருடைய உதட்டில் வைத்தார். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கடைவாயால் வழிந்து, உத்தரியம் கட்டியிருந்த கயிற்றை நனைத்தது.