கன்னியம்மாளின் முதுகு

அடி அண்ணாமலையில் கன்னியம்மாள் வீடு என்றால் அவளும் ஒரு பசுமாடும்தான். புருஷன் பலராமன் போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் மாட்டிடம். மலையடிவாரப் புதரில் புல் அறுப்பாள். பௌர்ணமிக்கு அதைக் கட்டுக்கட்டாகக் கிரிவலப் பாதையில் வைத்து உட்காருவாள். வருகிறவர்கள் வாங்கி மாட்டுக்குக் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

2001 ஐப்பசி மழைக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. லேசுப்பட்ட காய்ச்சலா அது! மண்டையைப் பிளந்தது. கடையில் வாங்கிய மாத்திரைக்கு மசியவில்லை. செத்துப்போவோமோ என்ற பயத்தைவிட, தான் விழுந்தால் மாட்டுக்கு யார் புல் போடுவார்கள் என்ற பயம்தான் அவளை டவுன் பஸ்ஸில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது.

"உடம்புல எங்கனா கருப்பா பொருக்கு இருக்குதா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க."

நர்ஸ் வேதா அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தாள். தோள்பட்டைக்குக் கீழே, பீடியால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு.

"வீட்ல யாரும் பாக்கலியாம்மா?"

"முதுகப் பாக்க யாரு இருக்காங்க?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஊரில் குத்திக்காட்டத்தான் சொல்வார்கள். கன்னியம்மாளுக்கோ அது நிஜமாகவே ஆகிப்போனது; பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. இதைவிட என்ன கொடுமை வேண்டும்?

புதரில் இருக்கும் பொடிப்பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் என்று சொல்லி, டாக்டர் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் எழுதினார். "வெறும் வயித்துல, தண்ணில முழுங்குங்க" என்று வேதா சொல்லியனுப்பினாள்.

கேட்டாளா? மாத்திரை என்றாலே சூடு, சூட்டுக்குப் பால். கறக்கிற மாட்டை வீட்டில் வைத்துக்கொண்டு எவளாவது தண்ணீரில் விழுங்குவாளா? வேளாவேளைக்குப் பாலோடு விழுங்கினாள். காய்ச்சல் இம்மியும் இறங்கவில்லை. மாடு பசியில் கத்துவதைக் கேட்டபடி பாயில் கிடந்து அழுதாள். கடைசியில் சுவரைப் பிடித்து எழுந்து, மறுபடி பஸ் ஏறினாள்.

"எதுல முழுங்கினீங்க?" வேதா கேட்டாள்.

"பால்லதாம்மா. சூடு ஜாஸ்தியாயிடுமே."

வேதா தலையில் கைவைத்துக்கொண்டாள். "பால்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து மருந்தப் புடிச்சி வெச்சிக்கும்மா, ரத்தத்துல ஏற உடாது. இது கிருமிய நேரா அடிச்சிக் கொல்ற மருந்து இல்ல. அது வளர்றதுக்கு வேண்டிய புரதத்த செய்ய உடாம நிறுத்திடும். பெருக முடியாத கிருமிய உங்க உடம்பே பாத்துக்கும். காலராவுக்கு, எலிக்காய்ச்சலுக்குக் கூட இந்த ஜாதி மருந்து கேக்கும். ஆனா உள்ள போனாத்தான?"

தன் கையாலேயே தண்ணீர் கொடுத்து விழுங்கவைத்தாள். அப்புறம் தண்ணீரோடு விழுங்க விழுங்கக் காய்ச்சல் தணிந்தது. பொருக்கு உதிர்ந்தது. மாட்டுக்கும் புல் கிடைத்தது.

அதோடு விட்டாளா கன்னியம்மாள்? பௌர்ணமி கழிந்தால் போதும், ஆசுபத்திரியில் வந்து நிற்பாள்.

"முதுகு எப்படி இருக்குதுன்னு பாரும்மா."

"அது ஆறி மாசக்கணக்காவுதே."

"இருக்கட்டும். ஒரு வாட்டி பாரேன்."

வேதா கைவேலையை வைத்துவிட்டு அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். வடுகூட மறைந்துவிட்ட இடத்தில் விரலை வைத்து, "நல்லா இருக்குதும்மா" என்றாள்.

அந்த விரல் முதுகில் இருக்கும்வரை கன்னியம்மாள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.