கலா போட்ட குழுக்கள்

ஆயர் குரோ தொழிற்சாலையில் எல்லாப் பிரிவுகளின் கோப்புகளையும் வைத்திருந்த பெரிய கணினி என் பொறுப்பில் இருந்தது. எனக்குப் படிப்பு குறைவு. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். யார் எதைத் திறக்கலாம் என்று ஒவ்வொருவர் பேருக்கும் நான்தான் கட்டளை தட்டுவேன். தீபாவளியன்று யாருக்காவது கோப்பு திறக்காவிட்டாலும் என் வீட்டுக்குத்தான் போன் வரும். திட்டிக்கொண்டே ஓடுவேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த வருடம் அலோர் காஜாவிலிருந்து கலா வேலைக்கு வந்தாள். டிப்ளோமா படித்தவள்.

"அண்ணே, ஆளாளுக்கு எதுக்குலா தட்டுறீங்க? வேலைக்கு ஒரு குரூப் போட்டா போதும். ஸ்டோருக்கு ஒண்ணு, டிசைனுக்கு ஒண்ணு. புது ஆள் வந்தா உள்ள சேத்துடலாம்."

கறுப்புத் திரையில் அவள் விரல்கள் ஓடின. தேநீர் நேரத்துக்குள் முடித்துவிட்டாள்.

"அப்ப நானு?"

"நீங்களும் நம்மகூட வேலை பாக்குற ரோஸ்லியும் அட்மின் குரூப். தீபாவளிக்கு அவரு பாத்துக்குவாரு, அவரு பெருநாள் ஹரிராயாவுக்கு நீங்க பாருங்க. மத்த டிபார்ட்மெண்ட்ல அப்படித்தானே மாத்திக்கிறாங்க?"

அந்தத் தீபாவளிக்குப் போன் வரவில்லை. மனைவி சிரித்த முகமாகப் பரிமாறினாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து ரோஸ்லி விருந்துக்கு வந்தான்.

"எங்கேயும் மாட்டிக்கலையா?" என்று மலாயில் கேட்டேன்.

"செனாங் சஜா, பாங்." ரொம்ப சுலபம், அண்ணே என்றபடி முறுக்கைக் கடித்தான்.

மாட்டிக்கொண்டேன் என்று அவன் மதியமே போனில் சொல்லியிருந்தால், இலையைப் பாதியில் விட்டு சந்தோஷமாக ஓடியிருப்பேன். கலா எனக்கு ஒரு பண்டிகையைக் கொடுத்தாள். அதற்காக அவளை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.